வௌவாலுக்கு வாய்த்த பெயர்

மக்ரிபு நேரம் கழிந்ததும் எங்கள் மதரஸா முற்றத்து வாதுமை மரத்தில் வௌவால்கள் வந்து கூடும். காலையில் மரத்தடியெங்கும் கடித்த காய்கள் சிதறிக் கிடக்கும். "ஹஜ்ரத், கல்லெறிந்து விரட்டிவிடலாமா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

நம் தேனி மாவட்டத்து மேகமலையில், 1948 ஆம் ஆண்டு, ஆங்கஸ் ஹட்டன் என்பார் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தது. எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே அதனைக் கருதி வைத்துவிட்டனர். இருபத்து நான்கு ஆண்டுகள் அது பிறிதொன்றின் பெயரிலேயே கிடந்தது. 1972 இல் தாய்லாந்து விலங்கியலறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனைக் கூர்ந்து ஆராய்ந்தார். வெளித்தெரியும் வால் இல்லை, பல்லமைப்பும் வேறு. இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே எனக் கண்டு, 'லாட்டிடென்ஸ் சாலிமலீ' எனப் பெயரிட்டார். முதற்சொல் அகன்ற பல்லைக் குறிக்கும். அடுத்தது பறவையியல் மேதை சாலிம் அலீயைக் குறிக்கும்.

பம்பாய் போஹ்ரா முஸ்லிம் குடும்பத்தில் 1896 இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் சாலிம் அலீ. சிறுவனாக இருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது ஏன் என்று அறிய அவர் நாடிச் சென்றதும் அதே கழகத்தைத்தான். அங்கிருந்த மில்லர்டு அச்சிறுவனைத் துரத்தவில்லை. சேகரித்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். அன்று தொடங்கிய தேடல் 1987 இல் அவர் மறையும்வரை ஓயவில்லை.

அவர் பெயர் தாங்கிய வௌவாலின் உடல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமே. தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. பகலில் குகைகளில் தங்கி, இரவில் காட்டு அத்தி முதலிய பழங்களை உண்ணும். பழந்தின்னி வௌவால்கள் சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்புகின்றன. விதைகளைத் தாய்மரத்தை விட்டுத் தொலைவில் சேர்க்கின்றன. வெட்டவெளியான காட்டில் மீண்டும் மரம் முளைப்பதற்கு இவற்றின் உழைப்பும் ஒரு காரணம்.

1993 இல் ஆய்வாளர்கள் இவ்வௌவாலை மீண்டும் கண்டனர். ஆயினும் இதன் எண்ணிக்கை மிகக் குறைவு. காடுகள் தோட்டங்களாக மாறுவது ஒரு கேடு. மருந்தாகும் என நம்பி வேட்டையாடுவது மற்றொரு கேடு. மற்றப் பழந்தின்னி வௌவால்களெல்லாம் தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் இருந்த காலத்தில், 2002 இல், இதற்கு மட்டும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. அந்தத் தீங்குயிர்ப் பட்டியலே 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது.

மாணவன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். "அப்படியானால், நம் மரத்துக்கு வருவது எந்த வகை, ஹஜ்ரத்?" என்றான். பெரும்பாலும் அந்தக் குறுமூக்கு வகையாகத்தான் இருக்கும் என்றேன். ஆனால் பார்த்தவுடன் முடிவு கட்டிவிடாமல், நன்கு கவனித்துச் சொல்லுமாறு அவனையே பணித்திருக்கிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது நாமும் மில்லர்டைப் போலக் கதவைத் திறந்து வைப்போமாக!