இளங்கலை மாணவரும் வரலாற்று ஆராய்ச்சியும்

வரலாற்று ஆராய்ச்சி என்பது பல ஆண்டுப் பயிற்சி உடைய அறிஞர்க்கே உரிய பணி என்று எண்ணுவோர் பலர். முதற் பட்டத்திற்குப் படிக்கும் மாணவர் பிறர் எழுதியதைக் கற்றுத் தேர்வில் ஒப்புவித்தால் போதும் என்பது அவர்கள் கருத்து. இது முற்றும் பொருந்துவதன்று என்பதற்குத் தென் அமெரிக்காவைப் பற்றிய ஆய்வு ஒன்று சான்றாகும்.

பெரு நாட்டில் ஆண்ட இன்கா மக்கள் தம் கணக்குகளை ஏட்டில் எழுதவில்லை. கயிறுகளில் முடிச்சிட்டுக் காத்தனர். 'கிப்பு' எனப்படும் அக்கயிற்றுத் தொகுதியில், ஒரு தாய்க் கயிற்றிலிருந்து பல கிளைக் கயிறுகள் தொங்கும். முடிச்சின் வகையும் இடமும் ஒன்று, பத்து, நூறு என்னும் எண்களைக் குறிக்கும். இதனை லேலண்டு லாக் என்பார் 1912-இல் விளக்கினார். எண்கள் விளங்கின, அவை எவருடைய கணக்கு என்பது விளங்கவில்லை.

அந்நாட்டின் சாந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆறு கிப்புகளும், அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஸ்பானிய ஆட்சியினர் 1670-ஆம் ஆண்டளவில் எடுத்த குடிக்கணக்கும் தொடர்புடையவை என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராயிருந்த கேரி அர்ட்டன் கருதினார். ஏட்டில் வரி செலுத்துவோர் 132 பேர். கயிற்றுத் தொகுதிகளும் ஏறக்குறைய அத்தனையே. இரண்டையும் ஒப்பிடும் பணியை 2016-இல் மானுவேல் மெத்ரானோ என்னும் முதலாண்டு மாணவர் தாமே முன்வந்து ஏற்றார். தாய்க் கயிற்றில் கிளைக் கயிற்றை முன்புறமாகக் கட்டுவதும் பின்புறமாகக் கட்டுவதும் ஊரின் இரு பிரிவினரைக் குறிக்கலாம் என்றும், கயிற்றின் நிறத்திற்கும் மக்கள் பெயருக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் அவர் கண்டார். 2018-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் மாணவர் பெயர் முதலாவதாகவும் ஆசிரியர் பெயர் அடுத்தும் இடம்பெற்றன. எல்லாக் கிப்புகளையும் படித்துவிட்டதாக அவர்கள் கூறவில்லை. சான்று சென்ற அளவே சொல்லும் சென்றது.

இதனால் அறியத்தக்கவை மூன்று. வினா சிறியதாய் இருத்தல் வேண்டும். மூலச் சான்றை நேரே ஆராய்தல் வேண்டும். வெளியிடுமுன் துறை வல்லார் சோதனைக்கு உட்படுதல் வேண்டும்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டு இளங்கலைப் படிப்பில் இறுதியாண்டில் ஆராய்ச்சிக்கு இடம் அளித்துள்ளது. 1891-இல் கல்கத்தாவில் தோன்றிய ஆவணக் காப்பகம் இன்று தில்லியில் தேசிய ஆவணக் காப்பகமாக விளங்குகிறது. எனினும் எல்லாச் சான்றும் அங்கே இல்லை. தில்லியின் கரோல்பாகிலும் பம்பாயின் மாட்டுங்காவிலும் குடியேறிய தமிழர் வரலாறு, சங்கக் கூட்டக் குறிப்புகளிலும் பழைய கடிதங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. வீடு மாறும்போது இத்தாள்கள் எடைக்குப் போய்விடுகின்றன. பின்னர் எந்த அறிஞரும் அவற்றை மீட்க இயலாது.

வெளிமாநிலத்தில் பயிலும் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழ்க் கையெழுத்தைப் படிக்க வருவதில்லை. அங்கே பெற்றோர் துணை வேண்டும். தாத்தாவின் கடிதத்தைத் தாய் படிக்க, மகள் நாளும் இடமும் குறித்து எழுதி, உரியவர் இசைவு பெற்று, பேராசிரியரிடம் காட்டட்டும். ஆராய்ச்சிக்கு அதுவே தக்க தொடக்கமாகும்.