போர்டில் துளை போடும் முன்

நெல்லைப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கான பெட்டியை பிசிபி போர்டிலேயே அறுத்துச் செய்துகொள்வதுண்டு. நல்ல யோசனைதான். செம்புப் பக்கத்தில் சால்டர் வைத்தே மூலைகளை இணைத்துவிடலாம். ஆனால் அந்த வெளிர்பச்சைப் போர்டு, கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் தோய்த்து அழுத்திய தகடு. சுவிட்சுக்கும் மீட்டருக்கும் துளை போடும்போது பறப்பது கண்ணாடித் தூள்.

புற்றுநோய் வருமோ என்று பயப்பட வேண்டாம். இவ்வகைக் கண்ணாடி இழையை அப்படி வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-லேயே முடிவு செய்துவிட்டது. தோல் அரிப்பும் தொண்டைக் கமறலும் கண் உறுத்தலும்தான் தொல்லை. அதைவிட ஆபத்து, டிரில் பிட் அடிப்பக்கம் வெளியேறும் நொடி. பிட் போர்டைக் கவ்வும். கையால் பிடித்திருந்தால் போர்டும் சேர்ந்து சுற்றி விரலைக் கிழிக்கும். அடியில் மரக்கட்டை வைத்து, கிளாம்பில் இறுக்கி, முதலில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, பிறகு மெதுவாகப் பெரிதாக்குங்கள். சதுரத் துளைக்கு, கோட்டின் உட்புறமாகச் சிறு துளைகள் வரிசையாகப் போட்டு, நடுவைப் பெயர்த்து, அரத்தால் ராவுவதே உத்தமம். கையுறை, தோள் துண்டு, துப்பட்டா எதுவும் மெஷின் அருகே கூடாது.

என்95 முகக்கவசமும் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடியும் அவசியம். பவர் கண்ணாடி போதாது. தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கைரம்பத்தால் அறுத்தால் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். 230 வோல்ட் டிரில்லோடு தண்ணீர் வேண்டவே வேண்டாம். கண்ணில் தூள் விழுந்தால் கசக்காதீர்கள். சேலை நுனியால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் ஆகாது. சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். சில்லு குத்தி நின்றால் கழுவவோ பிடுங்கவோ வேண்டாம். கண்ணை அழுத்தாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவமனைக்கோ உடனே போங்கள். இன்னொன்று, பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வருமானால் செம்புப் பரப்பை எர்த் கம்பியோடு கட்டாயம் இணைக்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். முத்திரை நிஜமா என்று ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சோதிக்கலாம். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமில்லை. பட்டறையில் வேலை செய்து காயம்பட்டவருக்கு இழப்பீட்டு உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. மாணவருக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் எட்டாது. ஆகவே லேப்பில் கண்ணாடியும் கிளாம்பும் வேண்டுமென்று எழுத்திலேயே கேளுங்கள்.

துண்டுப் போர்டுகளை எரிக்காதீர்கள், எபாக்சியில் புரோமின் கலந்திருக்கும். போர்டின் செம்பை அரிக்கப் பயன்படுத்தி, செம்பு கரைந்த பெர்ரிக் குளோரைடை நெல்லைக் கால்வாயிலும் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். செம்பு மீனுக்கு விஷம். தாமிரபரணித் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி கழிவுப் போர்டுகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புராஜெக்ட் தேதியை அறிவிக்கும் முன்பே கிளாம்புகளையும் பாதுகாப்புக் கண்ணாடிகளையும் லேப்பில் வாங்கி வைத்துவிடுங்கள்.