‘அடுத்த நடராஜன்’ என்று நான் சொன்ன பிறகு

கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடம், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் கார்களுக்குச் சொந்தமில்லை. பையன்கள் வந்துவிடுவார்கள். குப்பைத் தொட்டிதான் ஸ்டம்ப். டேப் சுற்றிய டென்னிஸ் பந்து. முதல் மாடி ஜன்னலில் பட்டால் அவுட், அத்தோடு அந்த வீட்டு அம்மாவின் திட்டும் இலவசம்.

அங்கேதான் அவனைப் பார்த்தேன். வயது 16, நான்காம் படிவம், இடக்கைக்காரன். ஒல்லியான உடம்பு. இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஓடிவந்து போட்டான் பாருங்கள், தொட்டி சாய்ந்து உருண்டது. யாரோ எடுத்த காணொளியில், ‘140 கிலோமீட்டர் வேகம்! கம்போங் மேடான் எக்ஸ்பிரஸ்!’ என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். இரண்டே நாளில் அது என் கைப்பேசிக்கு ஐந்து குழுக்களிலிருந்து வந்து சேர்ந்தது.

வானொலி அறிவிப்பாளருக்குக் காலை நேரத்தில் இப்படி ஒரு செய்தி கிடைத்தால் விடுவாரா? நானும் விடவில்லை. “நேயர்களே, நம்ம சிலாங்கூருக்கு அடுத்த நடராஜன் கிடைச்சாச்சு!” என்று சொல்லி ஒரு பாட்டும் போட்டேன். பத்து விநாடிப் பேச்சு. அந்தப் பத்து விநாடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொலைபேசி சொன்ன கணக்கு

அடுத்த வாரம், கிளப் அளவில் பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருவரோடு அவனைச் சிமெண்டு பிட்ச் உள்ள வலைப்பயிற்சி இடத்துக்கு அழைத்துப் போனேன். இந்த முறை தோல் பந்து. டென்னிஸ் பந்தின் எடை ஏறக்குறைய 58 கிராம். தோல் பந்து 160 கிராமுக்குப் பக்கம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டேப் பந்தில் பறக்கும் கை, தோல் பந்தில் என்ன செய்கிறது என்பது வேறு கதை.

வேகத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசி இருந்தது. பந்து வீசும் கோட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் கோடு வரை 58 அடி, அதாவது 17.68 மீட்டர். கையை விட்டுப் பந்து புறப்பட்ட படத்துக்கும், மட்டையாளரின் கோட்டைத் தொட்ட படத்துக்கும் இடையில் எண்ணினோம். 144 படங்கள். அதாவது 0.6 விநாடி. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 106 கிலோமீட்டர். பந்து தரையில் பட்டு வேகம் குறைவதால், புறப்படும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் 140 இல்லை.

16 வயதுக்கு இது மோசமான வேகம் இல்லை. ஆனால் நண்பர் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பார்த்தது வேறு. ஓட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே தாளத்தில் இருக்கிறதா? முன்கால் ஊன்றும்போது முழங்கால் மடிந்து போகிறதா, உறுதியாக நிற்கிறதா? இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் திரும்புகிறதா? மணிக்கட்டு பந்தின் தையலை நேராக அனுப்புகிறதா? அடி வாங்கிய அடுத்த பந்தை எங்கே போடுகிறான்? “மணிக்கட்டு அருமை. இடுப்பும் தோளும்தான் சண்டை போடுது. அதைச் சரி செய்யாம நிறையப் போட விடாதீங்க” என்றார்.

106 என்பதை நான் வானொலியில் சொல்லவில்லை. நண்பரின் எச்சரிக்கையையும் சொல்லவில்லை. 140 என்று கேட்டு மகிழ்ந்தவர்களிடம் போய் 106 என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

கின்றாரா சொல்லும் பாடம்

ஒரு மாதம் கழித்து அவனுடைய அப்பா அழைத்தார். லோரி ஓட்டுநர். “தம்பி, நீங்க ரேடியோல சொன்னதிலேர்ந்து அவன் தினமும் ரெண்டு மணி நேரம் பந்து போடுறான். டியூஷன் போறதில்ல. இப்ப முதுகு வலிக்குதுன்னு குனிய முடியாம இருக்கான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவன் வருவானா? வருவான்னா நான் கடன வாங்கியாவது பார்க்கிறேன். இல்லன்னா அடுத்த வருஷம் எஸ்பிஎம் இருக்கு, அதைப் பார்க்கட்டும்.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரவெல்லாம் யோசித்தபோது நினைவுக்கு வந்தது, எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பூச்சோங்கில் இருந்த கின்றாரா ஓவல். 2008-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. விராட் கோலியின் இந்திய அணி, மழை குறுக்கிட்ட ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 12 ஓட்டங்களில் வென்றது. பலருக்குக் கோலி ஞாபகம் இருக்கும். அன்றைய ஆட்ட நாயகன் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

அஜிதேஷ் அர்கால். வேகப்பந்து வீச்சாளர். 5 ஓவரில் வெறும் 7 ஓட்டங்கள் கொடுத்து 2 விக்கெட். அன்று மாலை அந்தத் திடலில் நின்று யாரைக் கேட்டாலும், ‘இந்தியாவின் அடுத்த வேகம் இவன்தான்’ என்று சொல்லியிருப்பார்கள். அவர் பரோடா அணிக்குக் கொஞ்ச காலம் ஆடினார். இந்திய அணிக்கு ஒருநாளும் ஆடவில்லை. வருமான வரித் துறையில் ஆய்வாளர் ஆனார். பிறகு நடுவர் தேர்வும் எழுதித் தேறினார். நல்ல வாழ்க்கைதான். ஆனால் அன்று யாரும் கணித்த வாழ்க்கை அல்ல.

அதே போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் நியூசிலாந்தின் டிம் சவுதி. அதே மாதத்திலேயே இங்கிலாந்துக்கு எதிராக நேப்பியரில் டெஸ்ட் அறிமுகம், முதல் இன்னிங்சிலேயே 5 விக்கெட். 2024 டிசம்பரில் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 391 டெஸ்ட் விக்கெட்டுகள். கணிப்பு பலித்தது. அதே அணியில் இருந்த டிரெண்ட் போல்ட்டுக்கு டெஸ்ட் வாய்ப்பு வர 2011 டிசம்பர் ஆயிற்று. ஆஸ்திரேலிய அணியோடு 17 வயதில் இங்கே வந்திருந்த ஜோஷ் ஹேசில்வுட், டெஸ்ட் ஆடியது 2014 டிசம்பரில். நடுவில் ஏகப்பட்ட காயங்கள்.

ஒரே நாடு, ஒரே போட்டி, ஏறக்குறைய ஒரே வயது. ஒருவருக்கு அதே மாதம் கதவு திறந்தது. இன்னொருவருக்கு ஏழு ஆண்டு கழித்து. வேறொருவருக்குத் திறக்கவே இல்லை. வருவானா என்ற கேள்விக்கு, உலகக் கிண்ணத்தைத் தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் சூழ்ந்து நின்று பார்த்தும் பதில் கிடைக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்ற நான் எப்படிச் சொன்னேன்?

நடராஜன் என்றால் என்ன அர்த்தம்?

‘அடுத்த நடராஜன்’ என்றேனே, அந்த நடராஜனின் கதையையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை. 20 வயது வரை பெரும்பாலும் டென்னிஸ் பந்துதான். 16 வயதில் அவரை யாரும் ‘அடுத்தவர்’ என்று சொல்லவில்லை. 2015 ஜனவரியில் ரஞ்சிக் கிண்ண அறிமுகம். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார். முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. பலருடைய பயணம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் பின்னால் ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் நின்றார். பயிற்சியாளர்கள் உட்கார்ந்து முறையை மாற்றிக் கொடுத்தார்கள். 2017-இல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2020 ஐபிஎல்லில் யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட்.

அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப்பயிற்சியில் பந்து போட. டிசம்பர் 2-இல் கான்பராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாளில் டி20, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகம். அப்போது அவருக்கு 29 வயது. அதன் பிறகும் முழங்கால் அறுவைச் சிகிச்சை, நீண்ட ஓய்வு. மீண்டு வந்த பிறகு சொந்த ஊரிலேயே பையன்களுக்கு ஒரு கிரிக்கெட் திடல் அமைத்தார்.

ஆக, நடராஜன் என்றால் 140 கிலோமீட்டர் அல்ல. 29 வயது வரை காத்திருந்த உடம்பு, கைவிடாத ஓர் அண்ணன், தவறு என்று சொன்னபோது கோபித்துக்கொண்டு போகாமல் திருத்திக்கொண்ட மனம். இந்த மூன்றில் எதுவும் 40 விநாடிக் காணொளியில் தெரியாது.

நம் கிள்ளான் பக்கமே இன்னொரு கதை உண்டு. 2023 ஜூலை 26, பண்டமாரான் பாயுமாஸ் ஓவல். சீனாவுக்கு எதிராக மலேசியாவின் ஷஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஏழும் ஸ்டம்பைத் தகர்த்தவை. ஆண்களுக்கான அனைத்துலக டி20 ஆட்டத்தில் அதுவரை யாரும் 7 விக்கெட் எடுத்ததில்லை. அன்று அவருக்கு 32 வயது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. நேராக, முழு அளவில், திரும்பத் திரும்ப அதே இடத்தில்.

முதுகு கேட்கும் விலை

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கீழ் முதுகெலும்பில் விரிசல் விழத் தொடங்கும் அறிகுறி. இடக்கை வீச்சாளருக்குப் பெரும்பாலும் வலது பக்கம் வரும். அவனுக்கும் அங்கேதான். ஒவ்வொரு பந்துக்கும் முன்காலில் உடல் எடையைப் போல் பல மடங்கு இறங்குகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து முறுகுகிறது. எலும்பு இன்னும் முற்றாத வயது. அதனால்தான் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் சிறுவர்களுக்கு ஓவர் வரம்பு வைத்திருக்கிறது. நன்றாகப் போடுகிறான் என்று ஒரு பையனையே தொடர்ந்து போடச் சொல்லக்கூடாது என்பதற்காக.

பேட் கம்மின்ஸ் கதை தெரியுமா? 2011 நவம்பரில், 18 வயதில் ஜோகனஸ்பர்க்கில் டெஸ்ட் அறிமுகம். இரண்டாவது இன்னிங்சில் 79 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல். பெரும்பாலும் முதுகுதான் காரணம். அவருக்குப் பின்னால் ஒரு நாட்டின் மருத்துவக் குழுவே இருந்தது. நம் பையனுக்குப் பின்னால் ஒரு லோரி ஓட்டுநரும், வாய் நீண்ட ஒரு வானொலி அறிவிப்பாளரும்.

இதில் எனக்கொரு சொந்தக் கணக்கும் உண்டு. 17 வயதில் நானும் வேகமாகப் போட்டவன்தான். ‘இன்னும் ஒரு ஓவர், இன்னும் ஒரு ஓவர்’ என்று ஒரே காலையில் 20 ஓவர் போடவைத்தார்கள். இன்றும் மூன்று மணி நேரம் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கைதட்டினார்கள், அவ்வளவுதான். அதையே நான் இவனுக்குச் செய்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா தேநீர் கொடுத்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். 106 என்ற உண்மையையும் சொன்னேன். பையன் தலை குனிந்துகொண்டான். “106 நல்ல வேகம்டா. பொய் 140-ஐ விட நிஜ 106 மேல்” என்றேன். சிரிக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்: “அண்ணே, வருவானான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. 22, 23 வயசுல கேளுங்க, அப்பவும் கொஞ்சம்தான் தெரியும். அதுவரைக்கும் கடன் வாங்காதீங்க. எஸ்பிஎம்மை விடவும் வேண்டாம். அதுவும் இதுவும் சேர்ந்தே போகலாம்.”

பிறகு நண்பரோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். மருத்துவர் சொல்லும் வரை மூன்று மாதம் பந்தைத் தொடுவதில்லை. வயிறு, தொடை, முதுகுத் தசைகளுக்கு உடற்பயிற்சி. திரும்ப வந்த பிறகு, போட்ட பந்துகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது, கார் நிறுத்துமிடத்தில் போடுவதும் சேர்த்து. அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் போடுவதில்லை. இடுப்பும் தோளும் ஒரே திசைக்கு வரும் வரை வேகத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. செவ்வாயும் வியாழனும் டியூஷன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பந்து, பூப்பந்து, பாட்டு, எதுவாகவும் இருக்கட்டும். ‘பெரிய ஆளா வருவான்’ என்று சொல்வதற்கு முன், ‘இன்னிக்கு எவ்வளவு போட்டே? எங்கேயாவது வலிக்குதா?’ என்று கேளுங்கள்.

கிளம்பும்போது அவன் மாடிப்படி வரை வந்தான். “அண்ணே, ரேடியோல என்னைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?”

“உன் பேரைச் சொல்ல மாட்டேன். அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லுவேன்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “பாட்டு போடுவீங்களா?”

“போடுறேன்.”

கீழே கார் நிறுத்துமிடத்தில் பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் எட்டிப் பார்த்தான். இறங்கவில்லை. அங்கே இன்னொரு பையன், 12 வயது இருக்கும், இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஓடிவரத் தொடங்கியிருந்தான். படியில் நின்ற இவன் கத்தினான்: “டேய், ஆறு பந்து போட்டாச்சு, அடுத்த ஆளுக்குக் கொடுடா!”