எலும்பை எண்ணினால் ஆட்டை எண்ணியதாகுமா?

பண்டைக் குடியிருப்பொன்றை அகழ்வோர்க்குப் பானையோடுகளுக்கு அடுத்தபடியாகக் கூடை கூடையாகக் கிடைப்பவை விலங்கெலும்புத் துண்டுகளே. அவற்றை இனம் பிரித்து, ஆட்டெலும்பு 600, மாட்டெலும்பு 200 என்று எண்ணிய மாத்திரத்தில், அவ்வூரார் மாட்டினும் மும்மடங்கு ஆடு உண்டனர் என்று தீர்ப்புரைக்க ஆசை எழுவது இயல்பு. ஆயினும் ஓர் ஆட்டின் ஒற்றைக் காலெலும்பே பத்துத் துண்டாக உடைந்திருத்தல் கூடும். நாய் கடித்தொழித்ததும் மண்ணின் அமிலம் கரைத்ததும் கணக்கிற்கு வாராமலே போயிருத்தல் கூடும்.

இதற்குப் பரிகாரமாக, அமெரிக்கரான தியோடர் ஒயிட் 1953-இல் வேறொரு கணக்கைக் கையாண்டு காட்டினார். இடது முன்னங்காலின் மேலெலும்பு ஓர் ஆட்டுக்கு ஒன்றே. ஆதலால் அதன் கீழ்முனை இடப்பக்கத்தது ஏழும் வலப்பக்கத்தது ஐந்தும் கிடைக்குமாயின், துண்டுகள் எத்தனையாயினும், ஆடுகள் ஏழுக்குக் குறைந்திருத்தல் இயலாது. இம்முறையும் பழுதற்றதன்று: எலும்புகளை ஒரே குவியலாகக் கொள்வதற்கும் மண்ணடுக்குதோறும் தனித்தனியே எண்ணிக் கூட்டுவதற்கும் தொகை வேறுபடும் என்பதை டொனால்டு கிரேசன் 1984-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

எண்ணிக்கை சொல்லாததை வயதும் பாலும் சொல்லும். மேற்கு ஈரானில் ஸாக்ரோஸ் மலைகளிடையே உள்ள கஞ்ச் தாரே என்னும், ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுள்ள குடியிருப்பின் வெள்ளாட்டெலும்புகளை ஆராய்ந்து மெலிண்டா ஸீடரும் பிரையன் ஹெஸ்ஸும் 2000-இல் வெளியிட்ட முடிபு இத்துறையில் மிகச் சிறந்ததென்பது என் துணிபு. குட்டியின் நெட்டெலும்பில் முனை தனித்திருந்து, வயது ஏற ஏற, மூட்டுக்கொரு பருவமாகத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். கிடாயின் எலும்போ பெட்டையினதைவிடப் பருத்தது. இவ்விரு குறிகளையும் இணைத்து நோக்கியபோது, கிடாய்கள் பெரும்பாலும் இளமையிலேயே கொல்லப்பட்டமையும், பெட்டைகள் நெடுநாள் உயிரோடு விடப்பட்டமையும் புலனாயின. பருத்த கிடாயை நாடும் வேடனின் செய்கையன்று இது. ஈன்று பெருகும் பெட்டையைப் பேணி மந்தை வளர்ப்பவனின் செய்கை.

அதுவரை உடல் சிறுத்தலே வளர்ப்பு விலங்கின் முதல் அடையாளம் எனப் பலரும் கொண்டிருந்தனர். வழக்கமாக அளக்கப்படுபவை முனை ஒட்டிய முதிர்ந்த எலும்புகளே. இளமையில் மாண்ட கிடாய்கள் அளவுகோலுக்கே வாராதுபோக, எஞ்சிய பெட்டைகளின் அளவு சராசரியைத் தாழ்த்திவிடும். கிடாயைக் கிடாயோடும் பெட்டையைப் பெட்டையோடும் ஒப்பிட்டபோது, கஞ்ச் தாரே ஆடுகள் அப்பகுதிக் காட்டாடுகளினும் சிறுத்திருக்கவில்லை. ஆகவே சராசரி அளவொன்றையே பிரமாணமாகக் கொண்ட பழைய முடிபுகள் மறுபரிசீலனைக்குரியவை. அகழ்வோரும் முனை ஒட்டாத குட்டியெலும்புகளை அற்பமென ஒதுக்காது, மண்ணைச் சல்லடையிட்டு அவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.