வீட்டு விளக்கும் தறி விளக்கும்

சின்னாளப்பட்டியில் புதிதாக வீடு கட்டும் அங்கத்தினர்களும், பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கும் அங்கத்தினர்களும் விளக்கு அமைப்பைப் பற்றி நம்மிடம் அடிக்கடி ஆலோசனை கேட்கின்றனர். பெரும்பாலும் அவர்கள் வருவது காலம் கடந்த பிறகே. சுவர் பூசுவதற்கு முன் மின்கம்பி செல்லும் குழாயைப் புதைத்துவிட வேண்டும் என்று கொத்தனார் அவசரப்படுத்துவார். "அறைக்கு ஒன்று, நடுவில்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு முப்பது ஆண்டுகள் அக்குடும்பம் அந்த ஒரு மணி நேர அவசரத்தின் நிழலிலேயே அமர்ந்து நெய்யும்.

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் இக்குறை இல்லை. அவர்களுக்கு மின்சாரம் இல்லாதிருந்ததால் பகலொளியை அவர்கள் பொன்போல் மதித்தனர். முற்றம் வைத்தனர், தறியின் பக்கவாட்டில் சாளரம் வைத்தனர், கூரையில் ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி ஓடு பதித்தனர். 1932இல் பைக்காராவிலும் 1937இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. 1957 ஜூலையில் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்கும் மின்கம்பிகள் வேகமாக வந்து சேர்ந்தன. இது பெரிய நன்மைதான். எனினும் விளக்கு வந்தவுடன் சாளரத்தைச் சுருக்கிவிட்டோம். கான்கிரீட் கூரை வந்தவுடன் கண்ணாடி ஓட்டையும் மறந்தோம். இன்று நடுப்பகலில் விளக்கெரித்து நெய்யும் வீடுகள் நம் ஊரிலும் உண்டு. ஆதலின் விளக்குத் திட்டத்தின் முதல் வேலை விளக்கு வாங்குவதன்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதே. வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் பத்தில் ஏழு எட்டுப் பங்கை அறைக்குத் திருப்பித் தரும். அழகுக்காகக் கருநீலமும் அரக்குச் சிவப்பும் பூசிய சுவரோ பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

நம் வீட்டில் மிகுந்த கவனம் பெற வேண்டிய இடம் கூடம் அன்று, தறி. குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் தலைக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அவருடைய தலையின் நிழலே துணியில் விழும். கண்ணுக்கு நேரெதிரே இருந்தால் கூச்சம் உண்டாகும். ஊடை இழை வந்து படியும் விளிம்பிற்கு மேலே, நெய்பவரின் தலைக்குச் சற்று முன்னால், தறிக்குக் குறுக்காக ஒரு குழல் விளக்கைத் தொங்கவிட்டு, நெய்பவர் பக்கம் ஒரு தகட்டு மறைப்பு வைப்பதே உத்தமம். ஜக்கார்டு பெட்டி ஏற்றிய தறியில் விளக்கை உத்தரத்தில் மாட்டுவதால் பயனே இல்லை. பெட்டியும் அதன் சட்டமும் ஒளியை மறித்து, கரை விழும் இடத்தை இருட்டாக்கிவிடும். அங்கே விளக்கு பெட்டிக்குக் கீழே, நெய்பவர் பக்கமாகவே இருக்க வேண்டும்.

உயரமும் முக்கியம். ஒரு குமிழ் விளக்கிற்கும் துணிக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் துணியில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒன்பது அடி தூரத்தில் இருப்பதை நாலரை அடிக்கு இறக்கினால், அதே விளக்கு, அதே செலவு, நான்கு மடங்கு ஒளி! பெரிய விளக்கு வாங்கக் கடைக்குப் போகும் முன் மூன்று முழம் கயிற்றைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

வயதான அங்கத்தினர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம். அறுபது வயதுக் கண்ணின் உட்புறத்தை அடையும் ஒளி, இருபது வயதுக் கண்ணை அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நாற்பதைக் கடந்த பலருக்குக் கிட்டப் பார்வையும் தளர்ந்துவிடும். அறுந்த பாவிழை கண்ணில் படாமல் அரை முழம் ஓடிய பின் தெரிகிறது. சேலை சங்கத்திற்கு வருகிறது. கூலியில் பிடித்தம் விழுகிறது. "இனி நம்மால் ஆகாது" என்று தறியை விட்டு இறங்கியவர்களை நாம் அறிவோம். அவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது கண்ணாடியும், தலைக்கு முன்னால் நகர்த்திய ஒரு விளக்குமே. கண்ணைப் பரிசோதிக்காமல் விளக்கை மட்டும் கூட்டுவதும் தவறு. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அடுத்தது நிறம். மஞ்சள் ஒளி தரும் பழைய குமிழ் விளக்கின் கீழ் கருநீல நூலையும் கறுப்பு நூலையும் பிரித்தறிவது கடினம். ஒரு விளக்கில் ஒன்றுபோல் தோன்றும் இரு நூல்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு. சாயமிட்ட நூலையும் சுங்குடித் துணியையும் ஒத்துப் பார்ப்பதைக் காலை ஒளியில், வடக்குப் பார்த்த சாளரத்தருகே செய்வது இன்றும் சிறந்த முறை. இரவில் பார்த்தே தீர வேண்டுமெனில், எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்னும் எண்ணைப் பார்த்து வாங்குக. பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு அது அளவு. நூறு என்பது உச்சம்; பொதுவாகக் கிடைப்பது எண்பது; நிறம் பார்க்கும் இடத்திற்குத் தொண்ணூறு நன்று.

மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. சோக் வைத்த பழைய குழல் விளக்கு வினாடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்வது. மலிவான சில எல்.இ.டி. விளக்குகளும் அவ்வாறே. விளக்கின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பல பென்சில்கள் விட்டுவிட்டுத் தெரிந்தால் அவ்விளக்கு தறிக்கு ஆகாது. நாடா ஓடுவதை நாள் முழுதும் அதன் கீழ் பார்ப்பவருக்குத் தலைவலி வரலாம்.

செலவைக் கருதித் தறி விளக்கைக் குறைப்பது வீண் சிக்கனம். இருபது வாட் எல்.இ.டி. குழல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் ஆவது 12 யூனிட். பழைய அறுபது வாட் குமிழ் அதே நேரத்திற்கு 36 யூனிட் உண்ணும். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. எனவே தறிக்கு இரண்டு குழல் விளக்குகள் வைத்தாலும் அந்த அளவில் அவை ஒரு சிறு மூலையைத்தான் நிரப்பும்.

வீட்டின் மற்ற பகுதிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அடுக்களையில் நடு உத்தரத்து விளக்கு சமைப்பவரின் முதுகில்தான் விழும். அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் ஒரு சிறு விளக்கு வேண்டும். பிள்ளைகள் படிக்கும் இடத்தில், வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறத்திலிருந்து ஒளி வரட்டும். படுக்கும் இடத்தில் 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் ஒளி போதும். 6500 கெல்வின் என்று எழுதிய வெண்ணீல ஒளி அங்கே வேண்டாம். கூடத்திற்கு அழகு தருவது விளக்கின் எண்ணிக்கை அன்று. நாம் சென்ற ஒரு வீட்டில் கண்ணாடிக் குலைகள் தொங்கும் பெரிய விளக்கு ஒன்றைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாட்டியிருந்தனர். ஒருவர் முகமும் சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினோம். அதே கூடத்தின் மாடக்குழியில் எரிந்த சிறு அகல், சுவரின் வெண்மையைத் தடவிக்கொண்டு மேலேறிய அழகைக் குலை விளக்கு எட்டவில்லை. விளக்கு கண்ணுக்கு மறைந்திருந்து, அதன் ஒளி சுவரில் படிந்து வருமாயின் சிறிய கூடமும் விரிந்து தோன்றும். மாடக்குழி வைக்கும் பழக்கத்தைப் புது வீடுகளிலும் விடாதிருத்தல் நன்று. கார்த்திகைக்கு அகல் வைக்கவும் இடமாகும்.

இனி வீட்டுக்கு வெளியே. சிறுமலை அடிவாரத்துத் திராட்சைப் பந்தலிலும் தென்னந்தோப்பிலும் குடியிருக்கும் அங்கத்தினர்களுக்கு இப்பகுதியே முக்கியம். வாசலில் பெரிய விளக்கு ஒன்றை உயரத்தில் மாட்டிவிட்டால் வீடு பிரகாசமாகத் தெரியும். ஆனால் அதைப் பார்த்த கண் அப்பாலுள்ள இருட்டில் ஒன்றையும் காணாது. வாசற்படியிலிருந்து மாட்டுத் தொழுவத்திற்கும், கிணற்றடிக்கும், கழிவறைக்கும் செல்லும் பாதையில் முழங்கால் உயரத்தில் ஒளி கீழ்நோக்கி விழுமாறு சிறு விளக்குகளை வைப்பதே தக்கது. இது அலங்காரம் பற்றிய பேச்சன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பலர் கிராமத்தவர். கட்டுவிரியன் இரவில் திரிவது. விளக்கு பாம்பை விரட்டாது. காலை எங்கே வைக்கிறோம் என்பதைக் காட்டும். சூரியக் கல விளக்கு வாங்குவோர், மழைக்கால மேகமூட்டத்தில் அது விடியும் வரை எரியுமா என்று கேட்டு வாங்குக. பாம்பு நடமாட்டம் மிகுவதும் அக்காலத்திலேதான்.

வெளி விளக்கு வெண்ணீலமாக இருப்பின் பூச்சிகளை மிகுதியாக இழுக்கும். இளமஞ்சள் விளக்கில் தொல்லை குறைவு. வாசற்கதவிற்கு நேர்மேலே மாட்டாமல் சற்றுத் தள்ளி மாட்டினால் மழை நாளில் ஈசல் சோற்றுத் தட்டு வரை வராது. செவ்வந்தி பயிரிட்டோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அச்செடி நீண்ட இரவை உணர்ந்தே மொட்டுக் கட்டும். இரவெல்லாம் விளக்கொளி படும் வரிசையில் பூ தாமதமாகும். விற்பனைக் காலத்தைத் தள்ளிப் போடுவதற்கென்றே செவ்வந்தித் தோட்டத்தில் விளக்கெரிக்கும் விவசாயிகளும் உண்டு. தெரியாமல் எரிப்பவருக்கோ நஷ்டம்தான்.

வெளியில் மாட்டும் விளக்கின் பெட்டியில் ஐ.பி. 65 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். முதல் எண் தூசி புகாமையையும், இரண்டாவது எண் நீர் புகாமையையும் குறிக்கும். சாயப்பட்டறையிலும் கிணற்றடியிலும் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே எர்த் கம்பியும், முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் ஒரு விளக்கும் மாட்டலாகாது. அழகு விளக்கிற்குச் செலவிட எண்ணிய பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குக.

குழாய் புதைக்கும் முன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, நீண்ட கம்பியில் கோத்த ஒரே விளக்கை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்து பாருங்கள். ஒருவர் தறிக்குழியில் அமரட்டும். ஒருவர் அடுப்பருகே நிற்கட்டும். பாட்டி தொழுவம் வரை நடந்து காட்டட்டும். கை வேலை செய்யும் இடத்திலும் கால் படும் இடத்திலும் நிழல் விழாதவாறு விளக்கை நகர்த்தி, சரியான இடம் கிடைத்ததும் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிடுக. மறுநாள் மின்பணியாளரிடம் காட்ட அக்குறிகள் போதும். பிறகு தெருவில் இறங்கி நின்று, நம் விளக்கு எதிர்வீட்டார் கண்ணில் அடிக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விளக்கு மாட்டியதோடு வேலை தீராது. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசி குழலின் மீது படிந்து ஒளியை மறைத்துக்கொண்டே வரும். நாள்தோறும் பார்ப்பவருக்கு அது தெரியாது. மாதந்தோறும் துணி கணக்கு ஒப்படைத்துத் தறி ஓய்ந்திருக்கும் நாளில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து வைக்கலாம்.