மெயிலில் தூங்கும் பிரதி

"சார், ஓப்பன் அக்சஸ்ல பேப்பர் போடணும்னா லட்சக்கணக்குல கேப்பாங்களாமே, நிஜமா?"

நூலகத்துக்கு வரும் ஆய்வு மாணவர்களில் வருடத்துக்குப் பத்துப் பேராவது இதைக் கேட்கிறார்கள். அவர்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஒரு கட்டுரையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, நேச்சர் இதழ் 2021 முதல் 9,500 யூரோ கட்டணம் வைத்தது. அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். அப்போது ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய். சாப்பிடாமல் இரண்டு வருடம் சேர்த்தாலும் பற்றாது.

நான் சொல்லும் பதில் ஒன்றுதான். "காசு கட்டுறது ஒரு வழி. இன்னொரு வழிக்குச் செலவே கிடையாது. அதுக்கு வேண்டிய ஃபைல் உங்க மெயில்லயே கிடக்கும், தேடுங்க."

அந்த இன்னொரு வழிக்குப் பெயர் ரிப்பாசிட்டரி. தமிழில் நிறுவனக் களஞ்சியம் என்கிறோம். பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ தன் ஆட்கள் எழுதிய கட்டுரைகள், ஆய்வேடுகள், கருத்தரங்க உரைகளைத் தன் சர்வரில் சேர்த்துவைத்து, உலகத்தில் எவரும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்துவிடும் இடம். பெயர்தான் களஞ்சியம், பூட்டு கிடையாது. பெரும்பாலும் நூலகத்தார்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். களஞ்சியம் ஜர்னல் அல்ல. அது கட்டுரையை மதிப்பிடாது, ஏற்காது, நிராகரிக்காது. கட்டுரை வழக்கம்போல ஜர்னலுக்குப் போய், மதிப்பீட்டாளர்களிடம் அடிபட்டு, திருத்தி, வெளிவரும். அதன் ஒரு பிரதியைக் களஞ்சியத்திலும் போட்டுவைக்கிறீர்கள், அவ்வளவுதான். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஓப்பன் அக்சஸ் எனப்படும் திறந்த அணுக்கத்துக்கு இரண்டு பாதைகளைச் சொன்னது: ஒன்று, படிப்பவரிடம் பணம் கேட்காத ஜர்னல்கள், மற்றது, எழுதியவரே தன் பிரதியைத் திறந்த களஞ்சியத்தில் சேமிப்பது. முதல் பாதைக்கு விளம்பரம் அதிகம், அதில் பணம் புரள்கிறது. இரண்டாவதைப் பற்றிப் பேச விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் வருவதில்லை.

இயற்பியல்காரர்கள் இதை அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். 1991இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்கைவ், பின்னர் 2001இல் அவருடனேயே கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. அது துறைக்கான களஞ்சியம். நிறுவனத்துக்கான களஞ்சியம் என்று எடுத்துக்கொண்டால் இந்தியா பின்தங்கி இருக்கவில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் ஈபிரின்ட்ஸ் என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது 2000இல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அதை வைத்து 2002இலேயே தன் களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. ரூர்கேலா என்ஐடி 2006இல் ஒரு படி மேலே போய், தன் ஆசிரியர்கள் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதியே போட்டது.

சரி, எந்தப் பிரதியைப் போடுவது? இங்கேதான் ஆளாளுக்குத் தப்பு செய்கிறார்கள், இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

ஒரே கட்டுரைக்கு மூன்று உருவம் உண்டு. ஜர்னலுக்கு முதன்முதலில் அனுப்பியது ஒன்று. அதற்கு ப்ரீபிரின்ட் என்று பெயர், இன்னும் யாரும் மதிப்பிடாதது. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்து, ஆசிரியர் குழு 'ஏற்றுக்கொண்டோம்' என்று மெயில் போட்டார்களே, அந்த நிலையில் உங்கள் வேர்ட் ஃபைலில் இருப்பது இரண்டாவது. இதை ஏற்புப் பிரதி என்று சொல்லலாம். பிறகு பதிப்பகத்தார் அதை வாங்கி, இரண்டு பத்தியாகக் கட்டி, தங்கள் சின்னம் போட்டு, பக்க எண் கொடுத்து வெளியிடுவது மூன்றாவது, அச்சுப் பிரதி.

பெரும்பாலான சந்தா ஜர்னல்கள் மூன்றாவதைப் பொதுவில் போடக்கூடாது என்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் இரண்டாவதைக் களஞ்சியத்தில் போட அனுமதிக்கின்றன. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மதிப்பீடு முடிந்துவிட்டது, அட்டவணை அதே அட்டவணை, முடிவு அதே முடிவு. வேறுபடுவது உடுப்பு மட்டும். ஆனால் நம் ஆட்கள் செய்வதென்ன? அழகாக இருக்கிறதே என்று அச்சுப் பிரதியின் பிடிஎஃபைக் கொண்டுவந்து தருகிறார்கள். அதைப் போட முடியாது என்றால், "நான் எழுதினதுதானே சார்?" என்று முகம் வாடுகிறார்கள்.

எழுதியது நீங்கள்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நீங்கள்தான். கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு படிவம் வரும். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. 'சம்மதம்' பொத்தானை அமுக்கிவிட்டு நண்பர்களுக்கு டிரீட் கொடுக்கப் போய்விடுகிறோம். அந்தப் படிவத்தில்தான் பதிப்புரிமை கைமாறுகிறது. (பலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு, பதிப்புரிமை எழுத்துக்கு. படிவத்தைத் தமிழில் விளக்கும்போது இந்த ஒரு சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணமாகிறது.) எந்த ஜர்னல் எந்தப் பிரதியை எங்கே எப்போது போட விடுகிறது என்பதைப் பார்க்க ஓர் இலவசத் தேடுதளம் இருக்கிறது. பல ஆண்டுகள் ஷெர்பா ரோமியோ என்று வழங்கியது, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று பெயர் மாறியிருக்கிறது, பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்துகிறது. ஜர்னல் பெயரைத் தட்டினால் போதும்.

'எப்போது' என்பதையும் கவனிக்கவேண்டும். பல பதிப்பகங்கள் 6 மாதம், 12 மாதம், சில 24 மாதம்கூடக் காத்திருக்கச் சொல்லும். எம்பார்கோ என்பார்கள். அதற்காக அதுவரை ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இன்றைக்கே கொடுத்துவிட்டால் களஞ்சியத்தில் பூட்டி வைத்து, கெடு முடியும் தேதியில் தானாகத் திறக்கும்படி அமைத்துவிடலாம். இன்று கொடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு அனுபவம்தான் காரணம். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அந்த ஃபைல் யாரிடமும் இருக்காது.

ஃபைல் கையில் கிடைத்ததும் நூலகத்தில் நடப்பது பெரிய வித்தை அல்ல. தலைப்பு, எழுதியவர், ஆண்டு, சுருக்கம், குறிச்சொற்கள், ஜர்னலின் பெயர், அச்சுப் பிரதிக்கான டிஓஐ இணைப்பு என்று கட்டம் கட்டமாக நிரப்புவோம். டப்ளின் கோர் என்னும் பதினைந்து கட்ட வரையறைதான் பெரும்பாலான இடங்களில் அடிப்படை. இந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் ஊர். 1995இல் அங்கே கூடிப் பேசியதால் அந்தப் பெயர். நிரப்பி முடித்ததும் அந்தப் பதிவுக்கு ஒரு நிலையான எண் கிடைக்கும். நாளைக்குக் கல்லூரியின் இணையதளம் மாறினாலும் அந்த எண்ணைப் பிடித்துப் போனால் கட்டுரை கிடைக்கவேண்டும், அதற்காக. பிறகு கூகுள் ஸ்காலர் போன்ற தேடுபொறிகள் தாமாக வந்து விவரங்களை அள்ளிக்கொண்டு போகும்.

நம் ஊரில் களஞ்சியம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. பிஎச்டி ஆய்வேட்டின் மின்பிரதியைச் சமர்ப்பிக்கவேண்டும் என்று யுஜிசி 2009இல் விதி கொண்டுவந்தது. அதன் விளைவாக வளர்ந்த களஞ்சியம் இது. இன்று அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. உள்ளே போனால் ஓர் ஆய்வேடு ஒரே ஃபைலாக இருக்காது. தலைப்புப் பக்கம் 01, அடுத்துச் சான்றிதழ், உறுதிமொழி, பிறகு இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப், கடைசியில் 80 என்று எண்ணிட்ட ஒன்று. முதலில் பார்ப்பவர்கள் நடுவில் இருபது, முப்பது ஃபைல் காணோமே என்று தேடுவார்கள். ஒன்றும் காணாமல் போகவில்லை, ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முறை அப்படி.

சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகளும் நிறைய உண்டு. சங்க இலக்கியம், நாட்டார் வழக்காறு, இதழியல், கல்வெட்டு என்று எத்தனையோ பேர் ஐந்தாறு வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை. ஆனால் கூகுளில் தமிழில் தேடிப் பாருங்கள், பலவும் அகப்படாது. திறந்துதான் இருக்கிறது, இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன்?

அந்த ஆய்வேடுகள் தட்டச்சான விதம்தான் காரணம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பாமினி போன்றவற்றில், அடிக்கப்பட்டவை ஏராளம். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரியும். உள்ளே கம்ப்யூட்டர் வைத்திருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு உளறல். ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் உண்மை வெளிப்பட்டுவிடும். இன்னும் சில ஆய்வேடுகள் பைண்டு செய்த புத்தகத்தை ஸ்கேன் செய்து போட்டவை. அவை வெறும் படங்கள், அவற்றில் தேட எழுத்தே இல்லை.

போதாக்குறைக்குத் தலைப்பு. களஞ்சியத்தின் தலைப்புக் கட்டத்தில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துப் போடும் பழக்கம் இருக்கிறது. ழகரத்துக்கு ஒருவர் இசட் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், மூன்றாமவர் இசட்டோடு எச்சையும் சேர்ப்பார். சிலப்பதிகாரத்தை எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்து எண்ணினால் பொழுது போகும். தேடுகிறவர் எந்த விதத்தை ஊகிப்பார்?

ஆகவே தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, முதல் நாளிலிருந்து யூனிகோடில் அடியுங்கள். டிடிபி சென்டரில் கொடுத்தால், எழுத்துரு யூனிகோடுதானா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பழைய ஃபைலாக இருந்தால் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் ஒற்றும் கிரந்தமும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தரம் படிக்கவேண்டும். சுருக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே போடச் சொல்லி நூலகரிடம் வற்புறுத்துங்கள். முடியாது என்று அவர் சொன்னால் விடாதீர்கள், கட்டம் அதை ஏற்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் ஆய்வுக் களஞ்சியத்தில் தமிழ் எழுத்திலேயே தலைப்புகளைப் பார்க்கலாம்.

திறந்து வைத்தால் திருடிவிடுவார்கள் என்ற பயம் அடுத்தது. என் அனுபவம் நேர் எதிர். அலமாரியில் தூசி படிந்த ஆய்வேட்டிலிருந்து இயல் இயலாக உருவினாலும் யாருக்கும் தெரியாது. எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், தேதியோடு, நிலையான எண்ணோடு இருப்பதை உருவினால் பிடிபடுவது எளிது. ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடப் பதிப்பகத்தோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் சில காலம் பூட்டி வைக்கக் கேட்கலாம், நியாயம்தான்.

'ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?' என்றும் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். நல்ல விஷயம், நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களில் இருப்பவர்கள் படிப்பதற்கான ஏற்பாடு. சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கும், ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும், மகளின் நோயைப் பற்றி எழுதப்பட்டதைத் தேடும் அப்பாவுக்கும் கதவு மூடியேதான் இருக்கிறது. நாம் எழுதியதை வெளியே இருப்பவர்கள் படிக்க, சந்தா உதவாது.

விதி இருந்தால் மட்டும் வேலை நடந்துவிடாது என்பதற்கும் இந்தியாவே சாட்சி. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014 டிசம்பரில், தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வின் ஏற்புப் பிரதிகளைக் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும் என்று கொள்கை வெளியிட்டன. எத்தனை கல்லூரிகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியும் என்று நினைக்கிறீர்கள்? பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் அப்போதைய ரெக்டர் பெர்னார் ராந்தியே வேறு உபாயம் செய்தார். யாரையும் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தால், ஓர்பி என்ற தங்கள் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்றார். களஞ்சியம் மளமளவென்று நிறைந்தது. ராந்தியே வைரஸ் ஆய்வாளர், எது எப்படிப் பரவும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் ஒரு மாணவி வந்தாள். வேதியியல். கட்டுரை ஏற்கப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. என் மேசையிலேயே உட்கார்ந்து மெயிலில் தேடினாள். ஏற்புக் கடிதம் கிடைத்தது. கூடவே ஒரு பிடிஎஃப், ஜர்னலின் சமர்ப்பிப்புத் தளம் தானாகத் தயாரித்தது, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, படங்களெல்லாம் கடைசிப் பக்கங்களில் குவிந்து. களஞ்சியத்தில் போடலாம், ஆனால் படிக்கிறவர் பாவம்.

"வேர்ட் ஃபைல் இல்லையாம்மா?"

"கடைசித் திருத்தம் கைடு பண்ணினாங்க சார். அவங்க லேப்டாப்ல இருக்கும்."

"கேட்டு வாங்கிட்டு வா. எப்ப ரிட்டயர் ஆறாங்க?"

"இந்த மாசக் கடைசியில, சார்."