இறப்பரின் கந்தகப் பிணைப்பு: கட்டுதலும் அவிழ்த்தலும்

வெப்பமிறுக்கும் பிளாத்திக்குகளை ஒருமுறை வார்த்தபின் உருக்கி மீள வார்க்க இயலாது. வல்கனைசுப்படுத்திய இறப்பரும் இவ்வியல்பினதே. கண்டியில் இருந்து எழுதும் நாம் இறப்பரையே எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. 1876ஆம் ஆண்டு விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் கியூ பூங்காவில் முளைவிக்கப்பட்டன. அந்நாற்றுக்களுள் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அன்றைய பணிப்பாளர் துவைற்சின் பொறுப்பில், அவை கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இம்மரத்துக்குத் தாழ்நில வெப்பமே உகந்தது. பின்னர் பரந்த தோட்டங்களில் பாலெடுத்தோருள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பலர் என்பதை, விதையின் கதையைச் சுவையாகக் கூறுவோர் மறந்துவிடுவதுண்டு.

மரத்தின் இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது இக்குறை நீங்கிற்று. நீண்ட காபன் சங்கிலிகளுக்கிடையே கந்தகம் குறுக்குப் பிணைப்புகளாக அமைந்து, அவற்றை ஒரே வலையாக்குகின்றது. டயரின் உறுதிக்கும், அதனை அழிப்பதன் அருமைக்கும் இவ்வலையே மூலம்.

வலையை அவிழ்ப்பதெங்ஙனம்? கந்தக–கந்தகப் பிணைப்பின் வலிமை மூலொன்றுக்குச் சுமார் 270 கிலோயூல். காபன்–காபன் பிணைப்பினது சுமார் 350. இடைவெளி சிறிதே. ஆதலால் வெறும் வெப்பம் குறுக்குப் பிணைப்போடு சங்கிலியையும் அறுத்துவிடும். எஞ்சுவது வலுவிழந்த கூழே. இருபீனைல் இருசல்பைட்டு போன்ற சேர்வைகளைச் சேர்த்து, வெப்பத்தோடு பிசைந்தால், அறுந்த முனைகள் மீண்டும் இணையாது ஓரளவு தடுக்கப்படுகின்றன. இதனையே வல்கனைசு நீக்கம் என்பர். காற்றின்றிச் சூடாக்கிச் சிதைப்பது வேறொரு வழி. அதில் எண்ணெயும் வாயுவும் காபன் கறுப்பும் உருக்குக் கம்பியும் கிடைக்கும், ஆனால் இறப்பர் கிடையாது. அண்மையில் ஏனைய வெப்பமிறுக்கும் பொருள்களிலும் முன்னேற்றம் தோன்றியுள்ளது. 2023இல் டென்மார்க்கின் ஆகுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் காற்றாலை இறகின் எப்பொக்சிப் பிசினை உருத்தேனிய ஊக்கியாற் பிரித்து, அதன் மூலப்பொருளையும் நாரையும் மீட்டனர்.

எனினும் வேதியியல் மட்டும் இச்சிக்கலைத் தீர்மானிப்பதில்லை. மீட்ட இறப்பர் தரத்தில் புதியதற்கு ஈடாகாது. ஆகவே பெரும்பாலும் சிறுபங்காகவே கலக்கப்படுகின்றது. புதிய இறப்பரின் விலை வீழ்ந்தால் அதற்குச் சந்தையும் இல்லை. பாலெடுப்போரின் கூலி தாழ்ந்திருப்பதும் அவ்விலை வீழ்ச்சிக்கு இடமளிக்கும் காரணங்களுள் ஒன்று.

கண்டியின் மலைப்பாதைகளில் தேய்ந்த டயர் மேற்பட்டை புதுப்பிக்கப்பட்டுச் சிறிது காலம் மீண்டும் ஓடும். பின்னர் அது கொல்லையில் கிடந்து மழைநீரைத் தேக்கி, டெங்கு நுளம்புக்கு இடமாகும். எரித்தாலோ கந்தக ஈரொட்சைட்டுப் புகை. நகரின் கழிவு நெடுங்காலம் கொட்டப்பட்ட கொஹாகொட மகாவலியின் கரையிலேயே உள்ளது. அங்கிருந்து கசியும் நீர் ஆற்றை அடைகின்றது. குப்பையைக் கையாற் பிரிக்கும் தொழிலாளரும், ஆற்றோரக் குடியிருப்பாளரும் செலுத்தும் இவ்விலை, டயரின் உற்பத்திச் செலவுக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை.